வெளிநாட்டில் மொழி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

வேலை தேடுவது எப்படி என்று இதில் இருக்காது. வேலை கிடைத்துவிட்டது, ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்திருக்கிறது, இனி அங்கே போய் வாழவும் வேண்டும், வகுப்பும் எடுக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் இரண்டு நாடுகளில் கற்பித்திருக்கிறேன். அப்புறம் சில ஆண்டுகள், புதிதாக வரும் ஆசிரியர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்தது. தடுமாறியவர்களில் பெரும்பாலோர் வரிசையை மாற்றிச் செய்தவர்கள். தூங்கும் இடம் ஒழுங்காகும் முன் ஊர் சுற்றினார்கள். மாணவர்களின் பெயர் தெரியும் முன் பாடமுறையை மாற்றினார்கள். நான்கு வாக்கியம் பேச வரும் முன் அந்த நாட்டு மக்களைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதனால் கீழே உள்ள படிகளை வரிசையாகவே வாசியுங்கள்.

1. கிளம்பும் முன்: காகிதங்கள்

பாஸ்போர்ட்டிலும் பட்டச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் சுருக்கமாகவும் மற்றொன்றில் முழுதாகவும் இருந்தால், இருவரும் ஒரே ஆள் என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே தயார் செய்யுங்கள். அங்கே போனபின் இதற்காக அலைவது பெரும்பாடு.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசே வைப்பது) தேவையா, தூதரகச் சான்றொப்பம் தேவையா என்பது அடுத்த கேள்வி. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்து, அது இருவருக்குள்ளும் நடைமுறையில் இருந்தால், அப்போஸ்டில் ஒன்றே போதும். இல்லையென்றால் தூதரகப் படியேற வேண்டும். இந்த விஷயத்தில் பழைய அறிவுரைகளை நம்பாதீர்கள். சீனாவில் இந்த உடன்படிக்கை 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே போனவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் வழி இன்று உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள். ‘இத்தனை மாதங்களுக்குள் வழங்கப்பட்டது’ என்று பெரும்பாலும் கெடு வைத்திருப்பார்கள். ஆர்வத்தில் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டு, விசா நேர்காணலுக்குப் போகும்போது காலாவதியாகி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையிலோ வங்கியிலோ குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான பணம் இருக்கட்டும். முதல் சம்பளம் நீங்கள் நினைப்பதைவிடத் தாமதமாக வரும். நீங்கள் போய்ச் சேரும் தேதிக்கும் பள்ளியின் சம்பளத் தேதிக்கும் சம்பந்தமே இருக்காது. வாடகைக்கான முன்பணம் அதற்கு முன்பே கேட்கப்படும்.

2. ஒப்பந்தத்தில் மணிக்கணக்கைப் பாருங்கள்

சம்பளத் தொகையைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் மணிக்கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை பாடவேளை, ஒரு பாடவேளை எத்தனை நிமிடம், வகுப்பில்லாத நேரத்திலும் பள்ளியில் இருக்க வேண்டுமா, விடுமுறை முகாம்கள் தனிச் சம்பளமா, இந்த நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

காரணம், பண்பாட்டு வேறுபாடு என்று பின்னால் நாம் புலம்பும் பல விஷயங்கள் உண்மையில் ஒப்பந்தத்தை வாசிக்காததால் வந்தவை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், வகுப்பு முடிந்தபின்னும் மாலைவரை உட்காரச் சொல்கிறார்கள், இந்த நாட்டினருக்கு அடுத்தவர் நேரத்தின் அருமை தெரியாது என்று ஒரு மாதம் பொருமினார். அவருடைய ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்த நேரம் தெளிவாக எழுதியிருந்தது.

இன்னொன்று: பதிவுக்காகவோ விசாவுக்காகவோ பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ‘பத்திரமாக நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

3. முதல் பத்து நாள்: வீடு, தூக்கம், பதிவு

இந்தப் பத்து நாளில் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டாம். படுக்கை, தண்ணீர், சமையல், பள்ளிக்குப் போகும் வழி, மருந்துக்கடை, இவ்வளவுதான் பாடத்திட்டம். புது மொழி காதில் ஓடிக்கொண்டே இருப்பதால் மூளை நாள் முழுக்க வேலை செய்கிறது. ஒன்றுமே செய்யாத நாளிலும் இரவு எட்டு மணிக்கே கண் சொருகும். அதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே விரட்டுபவர்கள்தான் இரண்டாம் வாரத்தில் காய்ச்சலில் படுப்பார்கள்.

பதிவுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலான இடங்களில் முகவரி இருந்தால்தான் உறைவிடப் பதிவு, அது இருந்தால்தான் வங்கிக் கணக்கு, அது இருந்தால்தான் மாதக் கட்டண போன் இணைப்பு. முதல் கண்ணி விட்டால் எல்லாம் நிற்கும். எது எதற்கு முன் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள்.

பள்ளிக்குப் போகும் வழியை வேலை தொடங்கும் முன் ஒருமுறை, அதே நேரத்தில், போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது நிமிடத்தில் போன பேருந்து திங்கட்கிழமை காலையில் அப்படிப் போகாது.

4. முதல் மூன்று வாரம் வகுப்பில் எதையும் மாற்றாதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பயிற்சியில் கற்றதெல்லாம் சூடாக இருக்கும்: குழுவாக உட்கார வை, விளையாட்டு வை, மாணவரைப் பேச வை. முதல் நாளே மேசைகளைத் திருப்பிப் போடுவார்கள். மாணவர்கள் திகைப்பார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், தலைமை ஆசிரியரிடம் சொல்வார்.

மாற்றக்கூடாது என்பதல்ல, எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். முதல் மூன்று வாரமும் ஒரு நோட்டில் சில விஷயங்களை மட்டும் குறித்து வாருங்கள். ஆசிரியர் உள்ளே வந்ததும் என்ன நடக்கிறது? மாணவர் பேசும்போது எழுந்து நிற்கிறாரா? சந்தேகத்தை வகுப்பில் கேட்கிறார்களா, வெளியே வந்து கேட்கிறார்களா? தவறான பதில் சொன்னவரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? ஆண்டு இறுதியில் எந்தத் தேர்வு, அதில் பேச்சுக்கு மதிப்பெண் உண்டா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். தேர்வு இலக்கணத்தையும் வாசிப்பையும் மட்டும் சோதிக்கிறது என்றால், உங்கள் உரையாடல் விளையாட்டு மாணவருக்கு இளைப்பாறும் நேரம், பெற்றோருக்கு வீணான நேரம். அதே விளையாட்டில் தேர்வில் வரும் பத்துச் சொற்களை நுழைத்துப் பாருங்கள், எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

வேறு இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். அவர்களில் ஒருவர் வேறு பாடம் எடுப்பவராக இருக்கட்டும். கணக்கு வகுப்பில் கலகலப்பாக இருக்கும் அதே பிள்ளைகள் உங்கள் வகுப்பில் சிலையாக இருந்தால், அது ‘இந்த நாட்டுப் பண்பாடு’ இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கல்வி ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். ஜப்பானில் ஏப்ரல், தென் கொரியாவில் மார்ச், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் செப்டம்பரை ஒட்டி. நடுவில் போய்ச் சேருகிறவருக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வகுப்புதான் கிடைக்கும், பழைய ஆசிரியர் விட்டுப்போன பழக்கங்களோடு. முன்பிருந்தவர் எந்தப் பக்கம்வரை நடத்தினார், மாணவருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மௌனத்தைப் படிக்கப் பழகுங்கள்

கேள்வி கேட்டீர்கள், யாரும் வாய் திறக்கவில்லை. ‘இவர்களுக்கு ஆர்வமில்லை’ என்பது புதியவரின் முதல் முடிவு. ‘இந்த நாட்டினர் கூச்ச சுபாவம்’ என்பது இரண்டாவது. இரண்டுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: கேள்விக்குப் பின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுபவர்களும் கூடினார்கள். அவர் பார்த்தது தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை. வேற்றுமொழியில் பதில் சொல்பவருக்குக் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், பதிலைத் தேட வேண்டும், அதை மொழிமாற்ற வேண்டும், பிறகு நண்பர்கள் முன் சொல்லத் துணிய வேண்டும். மூன்று நொடிகூடக் குறைவு என்பது என் அனுபவம். மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். உங்களுக்குத்தான் அது வேதனை, மாணவருக்கு அல்ல.

‘புரிந்ததா?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். எந்த நாட்டிலும் இதற்கு ஒரே பதில்தான்: தலையாட்டல். ஆசிரியரை மதிக்கும் வகுப்பில் ‘புரியவில்லை’ என்று சொல்வது ஆசிரியர் சரியாகச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டுவதாகக்கூடப் படும். ‘முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலிலேயே புரிந்ததும் புரியாததும் வெளிப்பட்டுவிடும்.

பேச வைப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். அப்போது எழுந்து சொல்லும் பதில் தனி ஆளுடையதாக இல்லாமல் இருவருடையதாகிவிடும். தவறினாலும் அவமானம் பாதிதான்.

திருத்துவதிலும் அப்படியே. பேசிக்கொண்டிருப்பவரை இடைமறித்துத் திருத்த வேண்டாம். மூன்று பொதுவான பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். யாருடைய பிழை என்று அவரவருக்குத் தெரியும்.

6. ஆசிரியர் அறை

மாணவர்களைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள் சக ஆசிரியர்களை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வாழ்க்கையை எளிதாக்குவதும் சிக்கலாக்குவதும் அந்த அறைதான்.

காலையில் உள்ளே நுழைந்ததும் அவர்கள் வணக்கம் சொல்லும் விதத்தில் நீங்களும் சொல்லுங்கள். உச்சரிப்பு தவறினால் பரவாயில்லை, சொல்லாமல் போய் உட்கார்வதுதான் பேச்சாகும். அலுவலக எழுத்தரின் பெயரையும் காவலாளியின் பெயரையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். விசா நீட்டிப்புப் படிவம் நகர்வது எழுத்தர் கையில்.

கூட்டத்தில் ஒரு யோசனை சொல்ல நினைத்தால், அதற்கு முன்பே ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்: ‘இதைக் கூட்டத்தில் சொல்லலாமா, முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?’ சில இடங்களில் கூட்டம் என்பது விவாதிக்கும் இடம். சில இடங்களில் ஏற்கெனவே எடுத்த முடிவை அறிவிக்கும் இடம். அது தெரியாமல் பேசிவிட்டு, எல்லாரும் புன்னகைத்ததால் யோசனை ஏற்கப்பட்டது என்று நான் ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

7. அவர்கள் மொழி: மொழி ஆசிரியருக்கென்றே உள்ள பொறி

பொறியாளரோ செவிலியரோ வெளிநாடு போனால் உள்ளூர் மொழி தெரியாமல் வண்டி ஓடாது. மொழி ஆசிரியருக்கு ஓடும். உங்கள் வேலையே உங்கள் மொழியைப் பேசுவது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் உங்களிடம் அதைத்தான் பேசிப் பழக விரும்புவார்கள். அவர்கள் அன்பாலேயே நீங்கள் ஊமையாகிவிடுவீர்கள். மூன்று ஆண்டு இருந்தும் தொலைபேசியில் ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கத் தெரியாத ஆசிரியர்கள் நிறையப் பேர்.

கிளம்பும் முன்பே அந்த மொழியின் எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பலகைகளை வாசிக்க முடிந்தால் தெருவே பாடப்புத்தகம். அப்புறம் எண்கள். விலை, நேரம், பேருந்து எண், மாடி எண் எல்லாம் அதில் அடங்கிவிடும். மூன்றாவதாக உடம்பு பற்றிய சொற்கள்: வலி, காய்ச்சல், எத்தனை நாளாக. தேவைப்படும் நாளில் அகராதி புரட்டும் தெம்பு இருக்காது. தன்னை அறிமுகப்படுத்தும் வாக்கியங்கள் அதற்கும் பிறகு வரட்டும், அவை தானாக வந்துவிடும்.

காசு கொடுத்து ஓர் ஆசிரியரை வையுங்கள். ‘நான் உங்களுக்கு என் மொழி, நீங்கள் எனக்கு உங்கள் மொழி’ என்ற இலவசப் பரிமாற்றம் நல்ல நட்பைத் தரும், மொழியைத் தருவது அரிது. யாருக்கு மற்றவர் மொழி அதிகம் தெரியுமோ, பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தொடக்கத்தில் நீங்கள் தோற்பது நிச்சயம்.

எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானியம், கொரியம், மாண்டரின், அரபு ஆகியவற்றில் தொழில்முறைத் தேர்ச்சி பெறச் சுமார் 2200 வகுப்பு மணி ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஓராண்டில் அந்த அளவு வராது, வர வேண்டியதும் இல்லை. மொழித் திறனை அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் ஏ2 நிலை, அதாவது கடையிலும் மருத்துவமனையிலும் பக்கத்து வீட்டிலும் சமாளிக்கும் அளவு, முதலாண்டுக்குப் போதும். தமிழ் பேசும் நமக்கு ஜப்பானியத்திலும் கொரியத்திலும் ஒரு சலுகை உண்டு: வினைச்சொல் நம் வாக்கியத்தைப் போலவே கடைசியில் வரும். ஆங்கிலம் வழியாக யோசித்து அந்தச் சலுகையை இழந்துவிடாதீர்கள்.

மாணவராக உட்காருவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் வாய் குழறி உட்கார்ந்துவிட்டு வந்தால், மறுநாள் உங்கள் வகுப்பில் தானாகவே மெதுவாகப் பேசுவீர்கள்.

8. மூன்றாம் மாதத்துக்குத் தயாராக இருங்கள்

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நார்வேஜியர்களை வைத்து லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்டவர்கள்தான் சிரமப்பட்டார்கள் என்பது அவர் கண்டது. எல்லாருக்கும் இந்த ஏற்ற இறக்கம் பொருந்துவதில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் முதல் நாட்களே மிகக் கடினமாக இருந்தவர்களும் உண்டு. நான் பார்த்த ஆசிரியர்களில் பலருக்குச் சரிவு மூன்றாம் மாதத்தை ஒட்டித் தொடங்கியது. வேடிக்கை தீர்ந்துபோயிருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது.

அறிகுறிகள் சின்னவை. வரிசையில் ஒருவர் இடித்ததற்கு நாள் முழுக்கக் கோபம். ‘எங்கள் ஊரில் இப்படி இல்லை’ என்று ஒரே நாளில் ஐந்து முறை சொல்வது. சனிக்கிழமை முழுக்கப் படுக்கையில் நம்மூர் காணொளிகள்.

இதற்கு நான் சொல்லும் மருந்து, வாரத்தில் ஒருநாள் நீங்கள் ‘ஆசிரியர்’ ஆக இல்லாத ஓரிடத்துக்குப் போவது. நீச்சல், சதுரங்கம், பாட்டுக் குழு, எதுவானாலும் சரி, பேச்சு குறைவாகவும் செய்கை அதிகமாகவும் இருக்க வேண்டும். அங்கே யாரும் உங்களிடம் மொழி கற்க வரமாட்டார்கள். நம் நாட்டவரோடு சேர்வதும் தேவைதான், ஆனால் எல்லா மாலையும் அங்கேயே கழிந்தால் உள்ளூர் பற்றி உங்களுக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கூட்டத்தின் புகார்களாக மட்டும் இருக்கும்.

ராஜினாமாக் கடிதம் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து அனுப்புங்கள். அதற்குள் ஒரு வாரமாவது நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சம்பளம் தராதது, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராதது, ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்கு மிரட்டுவது, இவை பண்பாட்டு அதிர்ச்சி அல்ல. ‘இங்கே இப்படித்தான்’ என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். தேதியிட்டு எழுதி வையுங்கள், உங்கள் தூதரகத்திடமும் அந்த நாட்டின் தொழிலாளர் துறையிடமும் போங்கள்.

9. தனி வகுப்பும் தனி வாழ்க்கையும்

பெற்றோர் ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சொல்லித்தரக் கேட்பார். ஒத்துக்கொள்ளும் முன் விசாவின் நிபந்தனையைப் படியுங்கள். பல நாடுகளில் வேலை விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வெளியே காசு வாங்கிக் கற்பித்தால் விசாவே போகலாம். எல்லாரும் செய்கிறார்களே என்பது குடிவரவு அலுவலகத்தில் எடுபடாது.

உங்கள் நாடு, அரசியல், மதம், சம்பளம், கல்யாணம் பற்றியெல்லாம் கேட்பார்கள். சில கேள்விகள் நமக்குத் துருவலாகப் படும், அவர்களுக்கு அது குசலம் விசாரிப்பு. எதற்குப் பதில் சொல்வது, எதைச் சிரித்துக் கடப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து, கடப்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் கற்றுவையுங்கள்.

10. புதுப்பிப்பதும் திரும்புவதும்

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று ஓராண்டு முடிய மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே கேட்டுவிடுவார்கள். சரிவில் இருக்கும் வாரத்தில் பதில் சொல்லாதீர்கள், திருவிழா வாரத்திலும் சொல்லாதீர்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். இன்னும் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் இருக்கும்.

திரும்புவதென்றால், வங்கிக் கணக்கை மூடும் முன் கடைசிச் சம்பளமும் வீட்டு முன்பணமும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். பணி அனுபவச் சான்றிதழை முத்திரையோடு இரண்டு பிரதிகள் வாங்குங்கள். ஓய்வூதியப் பிடித்தத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேளுங்கள், அதற்குக் கெடுவும் இருக்கும்.

அடுத்து வருகிறவருக்கு ஒரு நோட்டு விட்டுச் செல்லுங்கள்: எந்த வகுப்பு எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எழுத்தரின் பெயர், பதிவுகளின் வரிசை, காலைப் பேருந்து உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது. ஊருக்கு வந்தபின் சில வாரம் நீங்கள் எல்லாரிடமும் சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவீர்கள். என் அம்மா போனில், ‘எனக்குத் தமிழ் தெரியும், நீ வேகமாகவே பேசு’ என்றார்.